என் முறை வந்தால் வாய் அடைத்துப்போகிறது

கேள்வி: அக்கா, எங்கள் குடும்பத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் பண்ணுவார்கள். பக்கத்தில் இருப்பவர் ஆமென் சொன்னதுமே எனக்கு நெஞ்சு படபடக்கும். நான் படித்தது முழுக்க பர்மிய மொழியில், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. பெரியவர்கள் மாதிரி 'தேவரீர்', 'கிருபை கூர்ந்தருளும்' என்றெல்லாம் எனக்கு வராது. இரண்டு வரி சொல்லி நிறுத்திவிடுவேன். தனியாக உட்கார்ந்தாலும் இதே கதைதான், இரண்டு நிமிஷத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு விசுவாசம் குறைவா?
(31 வயது வாசகர், தாம்வே, ரங்கூன்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த வட்டம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. பாய் விரித்திருக்கும், கரண்ட் போயிருந்தால் நடுவில் ஒரு சார்ஜ் விளக்கு இருக்கும், அடுக்களையில் யாரோ சத்தம் வராமல் டீ கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். ஜெபம் ஒவ்வொருவராக நகர்ந்து வரும். நீங்கள் கண்ணை மூடியிருப்பீர்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன ஜெபிக்கிறார் என்பது காதில் ஏறாது, இன்னும் நாலு பேர், இன்னும் மூணு பேர் என்று மனசு எண்ணிக்கொண்டிருக்கும். நானும் எண்ணியிருக்கிறேன்.

எனக்கு 16 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். என் முறை வந்தபோது "ஆண்டவரே, நீங்க அம்மாவுக்கு சுகம் குடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும், "ஆண்டவரிடம் நீங்க நாங்க என்று பேசக்கூடாது, நீர் என்று சொல்லிப் பழகு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் யார் முன்னாலும் வாய் திறந்து ஜெபிக்கவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று நான் சொன்னது அந்த அறையில் ஒருவர் காதிலும் விழாமல், அந்த 'நீங்க' மட்டும் விழுந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்த ஜெபத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதற்குப் பிறகு பலர் கை பட்டுத் திருத்தி, மறுபடி திருத்தி, இன்றைக்கு நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதல் வேதாகமம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அந்த நடையை ஐம்பது அறுபது வருஷமாகக் காலையும் மாலையும் வாசித்தவர்கள் வாயில் அது தானாக வரும், அது அவர்களுடைய பேச்சாகவே ஆகிவிட்டது. அப்படி ஜெபிக்கிறவர்களைக் கேட்க எனக்கு இன்றும் ஆசைதான். ஆனால் இங்கே 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின் தமிழைப் பள்ளியில் படிக்க வழியில்லாமல் வளர்ந்தவர்களும், அவர்கள் பெற்ற உங்களைப் போன்ற பிள்ளைகளும் அந்த நடையில் பேசவில்லை என்றால், அது விசுவாசக் குறைவு ஆகாது. உங்களுக்கு அந்தத் தமிழ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இயேசு ஜெபித்த ஜெபத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே மாற்கு விட்டுவைத்த இடம் ஒன்று இருக்கிறது. 14ஆம் அதிகாரம், கெத்செமனே தோட்டம். நம் வேதாகமத்தில் 'அப்பா பிதாவே' என்று வாசிப்போம். அந்த 'அப்பா' தமிழ்ச்சொல் அல்ல, அவர் வீட்டில் புழங்கிய அரமேயச் சொல். மாற்கு எழுதியது கிரேக்கத்தில், ஆனால் அந்தச் சொல்லை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. ஓசையிலும் பொருளிலும் அது நம் வீட்டுச் சொல்லாகவே இருப்பது நமக்குக் கிடைத்த கொடுப்பினை என்று நான் நினைப்பதுண்டு. அங்கிருந்தே தொடங்குங்கள். அப்பா என்று கூப்பிட்டுவிட்டு அதற்குமேல் பர்மிய மொழியில்தான் வருகிறது என்றால் பர்மிய மொழியிலேயே சொல்லுங்கள். 'பயா தக்கின்' என்று நீங்கள் கூப்பிட்டாலும் கேட்பவர் ஒருவர்தான்.

சரி, தனியாக இருக்கும்போது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு வருகிறேன், கூட்டத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஜெபம் என்றால் ஒவ்வொரு நாளும் புதிதாக எதையாவது நாமே சொல்லவேண்டும் என்று நம்மில் பலர் எப்படியோ நம்பிவிட்டோம். ஜெபம் என்ற சொல்லே 'ஜபம்' என்பதிலிருந்து வந்தது, மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்வது என்று அர்த்தம். சொந்தமாகப் பேசவேண்டும் என்கிற பொருளே அதில் இல்லை. லூக்கா 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். "ஆண்டவரே, எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடும்" என்று சீஷர்களில் ஒருவர் கேட்டார். அந்தச் சீஷர்கள் யூதர்கள், சின்ன வயசிலிருந்து சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கே கற்றுக்கொள்ளவேண்டி இருந்தது. இயேசுவும் விளக்கவுரை எதுவும் நடத்தாமல், இப்படிச் சொல்லுங்கள் என்று வார்த்தைகளையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அதனால் இரவல் வார்த்தையில் ஜெபிப்பது தாழ்வு இல்லை. வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று யாராவது கேட்டால், அந்த வசனத்துக்குப் பக்கத்து வசனங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பை அவர் கண்டித்தார், கண்டித்த கையோடுதான் மத்தேயுவில் பரமண்டல ஜெபத்தைக் கொடுக்கிறார்.

1535இல் மார்ட்டின் லூத்தரிடம் அவருக்கு முடி திருத்துகிறவர் இதையேதான் கேட்டார், எப்படி ஜெபிப்பது என்று. லூத்தர் அவருக்காக உட்கார்ந்து எழுதினார். பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு வரியாக எடு, ஒரு வரியில் நின்று யோசி, மனசு ஒரு வரியில் பற்றிக்கொண்டால் மற்ற வரிகளை விட்டுவிடு, பரவாயில்லை என்பதுதான் சாரம். கத்தியைப் பிடித்திருப்பவன் பேச்சில் கவனத்தை விட்டால் எதிரே இருப்பவரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான் இல்லையா, அந்த மாதிரி மனதை ஓர் இடத்தில் வை என்று அவர் தொழிலை வைத்தே சொல்லிக்கொடுத்தார்.

நாளைக்குக் காலையில் செய்து பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். வீட்டில் அரிசி எவ்வளவு மீதி இருக்கிறது, இந்த மாசம் விலை எங்கே போய் நிற்கிறது, அம்மாவுடைய மாத்திரை, பக்கத்து வீட்டில் வேலை போனவர், எல்லாம் ஒவ்வொன்றாக உங்கள் கண்முன் வரும். வரட்டும். அதை வாக்கியமாகக் கட்டவேண்டிய அவசியம் இல்லை, ஆண்டவருக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். வெறும் ஒரு வரியிலேயே பத்து நிமிஷம் போயிருக்கும்.

என் பாட்டி இப்படித்தான் ஜெபித்தார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக் கல் பொறுக்குவார். விரல் அரிசியைத் தள்ளிக்கொண்டே போகும், உதடு அசையும். கிட்டப் போய்க் கேட்டால் பெயர்கள் மட்டும்தான் கேட்கும். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், 1942இல் சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்து போய்த் திரும்பி வராத தம்பி, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு "ஆண்டவரே". என்ன கேக்குறீங்க பாட்டி என்று நான் ஒருநாள் கேட்டேன். "என்னத்தக் கேக்குறது, பேரச் சொன்னாப் போதும், அவருக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். தம்பி, நீங்கள் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்தவர்களுடைய பெயர் தீர்ந்துவிட்டதா?

வெள்ளிக்கிழமைக்கு ஒன்று செய்யுங்கள். கூட்டம் நடத்துகிறவரிடம் முன்னாலேயே போய், எனக்கு நீளமாக வராது, ஒரு வசனம் வாசித்து ஆமென் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பேச்சிலேயே பாதி படபடப்பு போய்விடும். ஒரே வரி வந்தால் ஒரே வரி. தண்ணீரில் மூழ்கப்போன பேதுரு கூப்பிட்டது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான், உடனே கை நீண்டது.

விசுவாசம் குறைவா என்று கேட்டீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதானே ஒரு தகப்பன், மாற்கு 9ஆம் அதிகாரத்தில், அவனுடைய பிள்ளை அன்றைக்கே சுகமானான்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாசம் ஆகிறது. முழங்காலில் நின்றால் ஒன்று அழுகை வருகிறது, இல்லை என்றால் கோபம் வருகிறது. ஜெபம் மட்டும் வரவில்லை. சபையில் "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் பண்ணு" என்கிறார்கள். என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.
(பெயர் வேண்டாம், மோல்மேன்)

பதில்: தங்கச்சி, சொல்லாதீர்கள். உள்ளே இல்லாத ஒன்றை வாயால் சொல்லும்படி ஆண்டவர் உங்களைக் கேட்கவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் இன்னும் ஒருபடி மேலே, முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருட்டு, மற்ற புலம்பல் சங்கீதங்களில் வருவதுபோல முடிவில் ஒரு வெளிச்சம்கூட இல்லை. அதையும் ஜெபப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் எடுத்துப்போட்டுவிடவில்லை. உங்கள் கோபத்தை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அந்தக் கோபம் அவரைப் பார்த்து வருகிறதென்றால் நீங்கள் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

உங்கள் ஊரிலேயே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லட்டுமா? அதோனிராம் ஜட்சன், அமெரிக்க மிஷனரி. 1813 ஜூலையில் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819வரை காத்திருந்தார். 1824இல் ஆங்கிலேயரோடு சண்டை வந்தபோது ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள். எழுதிவைத்திருந்த வேதாகம மொழிபெயர்ப்பை அவர் மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தார். விடுதலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான், 1826 அக்டோபரில் ஆம்ஹர்ஸ்டில் ஆன் இறந்துபோனார், ஜட்சன் அப்போது பக்கத்தில் இல்லை. அடுத்த ஆறு மாசத்தில் கைக்குழந்தை மரியாவும் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார், தனக்குத்தானே ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்து மூன்று வருஷம் கழித்து அவர் எழுதிய கடிதத்தில், கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். பர்மிய மொழியில் வேதாகமத்தைக் கொடுத்தவர், இன்றைக்கும் இந்த நாட்டில் எத்தனையோ சபைகள் அவருடைய வார்த்தையில்தான் ஜெபிக்கின்றன, அவருக்கே அந்த வருஷங்கள் அப்படி இருந்தன. உங்களுக்கு எட்டு மாசம்தான் ஆகிறது. உங்களை யாரும் அவசரப்படுத்த வேண்டாம் என்று சபையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். 1834 ஜனவரியில் அவர் முழு வேதாகமத்தையும் முடித்ததும் மோல்மேனில்தான். ஆனால் அதைச் சொல்லி உங்களைச் சீக்கிரம் எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன்.

என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று ராத்திரி நான் வராந்தாவில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் கஞ்சி ஃபிளாஸ்க். அந்த வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், உடனே எனக்கு மூச்சு நின்றுவிடும், பிறகு "ஆண்டவரே" என்று பெருமூச்சோடு வெளியே வரும். மூன்று ராத்திரியும் அது தவிர வேறு ஜெபம் இல்லை. எனக்கு ஜெபம் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று பெயர், ஆனால் ஒரு வசனம்கூட ஞாபகம் வரவில்லை. ரோமர் 8:26ஐ அதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருந்தேன். நாம் எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இருக்கும்போது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று இருக்கிறது. அந்தப் பெஞ்சில்தான் அது என்னவென்று தெரிந்தது, அந்தப் பெருமூச்சு என்னுடையது மட்டும் இல்லை என்று.

ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒருத்தரிடம், புத்தி சொல்லாத ஒருத்தராக இருக்கவேண்டும், "என்னால் முடியவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. நீங்கள் படுத்திருங்கள். தூக்குகிறவர்கள் தூக்கட்டும். பக்கத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். எனக்கு வயது 67. கத்தோலிக்கக் குடும்பம். தினமும் ஜெபமாலை சொல்கிறேன். பாதியிலேயே மனம் வேறெங்கோ போய்விடுகிறது, எந்த மணியில் இருக்கிறேன் என்பதே தெரிவதில்லை. முழங்கால் வலியும் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். இதெல்லாம் ஜெபம் என்று கணக்கில் வருமா?
(பெகு)

பதில்: வரும் அம்மா. நான் ஜெபமாலை சொல்லி வளர்ந்தவள் இல்லை, ஆனால் பிப்ரவரியில் ஞாவுங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிற நம் தமிழ் அம்மாக்கள் பஸ்ஸில் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சுக்கு நடுவில்கூட விரல் மணியை விடுவதில்லை. மணி கையில் இருப்பதே மனம் போய்வந்தால் பிடித்துக்கொள்ளத்தானே? போனது தெரிந்ததும் எந்த மணி என்று தேடாதீர்கள், கையில் இருக்கிற மணியிலிருந்து தொடருங்கள். மனம் எங்கே போனது என்பதையும் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே மகனிடம், ஒரே கடனிடம் போகிறது என்றால், அடுத்த பத்து மணியை அதற்காகவே சொல்லிவிடுங்கள்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்துதான் ஜெபித்தான், 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். 63ஆம் சங்கீதக்காரனோ படுக்கையில் படுத்துக்கொண்டே நினைக்கிறான்.

கேள்வி: ஜெபத்தை நோட்டில் எழுதிவைத்துப் படிக்கலாமா? ஆவி அணைந்துபோகும் என்கிறார்கள்.
(கல்லூரி மாணவி, ரங்கூன்)

பதில்: தாராளமாக எழுதும்மா. சங்கீதங்கள் 150ம் எழுதி வைத்த ஜெபங்கள்தானே, சிலுவையில் தொங்கும்போது இயேசு எடுத்துச் சொன்னதே 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான். அழகாக எழுதவேண்டும் என்று மெனக்கெடாதே, தமிழும் பர்மியமும் கலந்து எப்படி வருகிறதோ அப்படியே எழுது. மேலே தேதி போடு. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுவை, என்ன ஆச்சு என்று பிறகு எழுத. என் நோட்டில் அந்த இடம் பல பக்கத்தில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அப்பாவுடைய பக்கம் உட்பட. நான் கிழிக்கவில்லை.